பட்டத்தின் பெயரில் வானம் எதற்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், வானியல் ஆசை உள்ள பிள்ளைகளின் வீடுகளில் ஒரு தேடல் நடக்கும். ‘பி.எஸ்சி. வானியல்’ எந்தக் கல்லூரியில் இருக்கிறது? மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு லெக்சரர் என்று ஆளாளுக்கு விசாரித்துவிட்டு, நம் பக்கத்தில் அப்படி ஒன்றும் காணோமே என்று சோர்ந்துபோவார்கள். பிறகு விளம்பரத்தில் ‘ஸ்பேஸ்’, ‘ஆஸ்ட்ரோ’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஏதோ ஒரு படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டலாமா என்ற பேச்சு எழும். கட்டுவதற்கு முன்னால் இந்த அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இளங்கலையில் வானியல் என்ற பெயர் தேவையில்லை. இயற்பியல் தேவை, கூடவே கணிதம் தேவை. வானியற்பியலாளர் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தது இயற்பியல் ஆனர்ஸ். 1930இல் பட்டம் முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். காவலூர் ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு, ஐதராபாத் நிஜாம் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டுத்தான் ஹார்வர்டுக்குப் போனார். ஊட்டி ரேடியோ தொலைநோக்கியையும் பிறகு புனே அருகே ஜி.எம்.ஆர்.டி.யையும் எழுப்பிய கோவிந்த் ஸ்வரூப், அலகாபாத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர். புனேயில் உள்ள வானியல் ஆய்வு மையமான ஐயூக்காவின் முதல் இயக்குநர் ஜெயந்த் நார்லிக்கர் கேம்பிரிட்ஜில் படித்தது கணிதம். இவர்கள் காலத்தில் வேறு வழியில்லை என்று சிலர் சொல்வார்கள். இன்று முனைவர் பட்ட நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து பாருங்கள். நட்சத்திரக் கூட்டங்களின் பெயரை யாரும் கேட்பதில்லை. ஒரு வாயுக் கோளம் தன் எடையிலேயே சுருங்கினால் வெப்பநிலை ஏறுமா, இறங்குமா என்று கேட்பார்கள். அதற்கு விடை இயற்பியல் வகுப்பில்தான் இருக்கிறது.

பதினோராம் வகுப்பிலேயே இந்த நூல் கையில் கிடைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்துவிட்டு இந்தப் பாதைக்குத் திரும்புவது மிகக் கடினம். உயிரியல் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஹோமி பாபா மையம் பொறுப்பேற்று நடத்தும் வானியல் ஒலிம்பியாட் தேர்வுகளையும் பள்ளிக் காலத்திலேயே எழுதிப் பார்க்கலாம். பரிசு கிடைக்காவிட்டாலும், அந்தக் கேள்விகள் எப்படிச் சிந்திக்க வைக்கின்றன என்பது ஒரு நல்ல முன்னோட்டம்.

பிளஸ் டூ முடித்ததும்

கதவுகள் இரண்டு வகை. முதல் வகை, நுழைவுத் தேர்வு எழுதிப் போகும் பெரிய நிறுவனங்கள். திருப்பதி, திருவனந்தபுரம் உட்பட ஏழு ஊர்களில் இருக்கும் ஐசர்கள் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். தருகின்றன. புவனேஸ்வரத்தில் நைசர் இருக்கிறது; அதற்கு நெஸ்ட் என்ற தனித் தேர்வு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நான்காண்டு இளங்கலை ஆராய்ச்சிப் படிப்பு. சென்னைக்கு அருகே சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் நடத்தும் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த இளங்கலை, கோட்பாட்டுப் பக்கம் மனம் போகிறவர்களுக்கு மிகப் பொருத்தம். ஈர்ப்பலை ஆய்வுக் குழு ஒன்றும் அங்கே இயங்குகிறது. திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையின் ஐ.ஐ.எஸ்.டி. இருக்கிறது. அங்கே பொறியியல் இயற்பியலில் பி.டெக். சேர்ந்து, வானியலில் முதுகலையோடு ஐந்தாண்டில் வெளியே வரலாம். அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதியாக வேண்டும்.

ஐசர் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்குக்கும் சம அளவு கேள்விகள். உயிரியல் எடுக்காத பிள்ளைகள் இதைப் பார்த்ததும் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. மற்ற மூன்றிலும் நன்றாகச் செய்து, உயிரியலில் தெரிந்ததை மட்டும் தொட்டு உள்ளே போனவர்கள் உண்டு. தேர்வு விதிகள் ஆண்டுக்காண்டு மாறும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், இந்தப் புத்தகத்தைப் பார்த்து அல்ல.

இரண்டாம் வகை, நம் ஊர்க் கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாண்டு பி.எஸ்சி. இயற்பியல். இதைத் தோல்வியாகப் பார்க்கும் பழக்கம் வீடுகளில் இருக்கிறது, அது தேவையற்றது. மதுரையிலோ திருச்சியிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு நல்ல இயற்பியல் துறையில் மூன்று ஆண்டுகளை ஒழுங்காகக் கழித்தவர்களுக்கு, முதுகலையில் அதே பெரிய நிறுவனங்களின் கதவு திறக்கும். ஆனால் ‘நல்ல இயற்பியல் துறை’ என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டடத்தைப் பார்த்தோ நாக் தரச் சான்றைப் பார்த்தோ அல்ல.

பழைய வினாத்தாளைக் கேட்டு வாங்குங்கள்

நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான். சேர நினைக்கும் கல்லூரியின் மூன்றாம், ஐந்தாம் செமஸ்டர் வினாத்தாள்கள் நான்கைந்தை வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கும். பத்து மார்க் கேள்விகள் எல்லாம் ‘தருவி’, ‘விவரி’, ‘படத்துடன் விளக்கு’ என்றே முடிகின்றனவா? அல்லது எண்களைக் கொடுத்து, யோசித்துப் போட வேண்டிய கணக்குகள் இருக்கின்றனவா? முதல் வகை மட்டுமே என்றால், நோட்ஸை மனப்பாடம் செய்தே தொண்ணூறு சதவீதம் வாங்கிவிடலாம். அந்தத் தொண்ணூறு, முதுகலை நுழைவுத் தேர்வான ஜாமில் மூன்று மணி நேரத்தில் அறுபது கேள்விகளைப் பார்க்கும்போது உதவாது. அங்கே சில கேள்விகளுக்கு விருப்பத் தேர்வே இருக்காது. விடையை எண்ணாகக் கணக்கிட்டு எழுத வேண்டும். இன்னும் சிலவற்றில் சரியான விடை ஒன்றுக்கு மேல் இருக்கும்.

கணக்கு இல்லாத பாடத்திட்டம்தான் உங்கள் ஊரில் கிடைக்கிறது என்றாலும் சேரலாம். பல்கலைக்கழகப் பரீட்சைக்கு ஒரு படிப்பு, உங்களுக்கென்று ஒரு படிப்பு என இரண்டு தடத்தில் ஓட வேண்டியிருக்கும் என்று தெரிந்தே சேருங்கள். ரெஸ்னிக்-ஹாலிடே, பிறகு கிரிஃபித்ஸ் ஆகிய நூல்களில் பாடத்தின் முடிவில் இருக்கும் கணக்குகளை வாரத்துக்கு இவ்வளவு என்று போட்டுவந்தால் போதும். இதற்கு ஆன்லைன் கோச்சிங் அவசியமில்லை. உடன் உட்கார்ந்து போட இரண்டு நண்பர்கள் அவசியம்.

அடுத்து, பாடத்திட்டத்தில் கணிதம் எவ்வளவு என்று பாருங்கள். ‘அல்லைட் மேத்ஸ்’ இரண்டு செமஸ்டரோடு முடிந்துவிடுகிறதா? வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகள், ஃபூரியர் பகுப்பு மூன்றும் எங்காவது வருகின்றனவா? ஃபூரியர் எதற்கு என்று கேட்டால் ஜி.எம்.ஆர்.டி.யைக் காட்டுவேன். நாராயண்காவ் அருகே கோடாத் கிராமத்தைச் சுற்றி, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ் ஆன்டெனாக்கள் பரந்து கிடக்கின்றன. எந்த ஒரு டிஷ்ஷும் தனியாகத் துல்லியமான படத்தை எடுப்பதில்லை. முப்பதை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 இணைகள். ஒவ்வோர் இணையும் ஒரு கணத்தில் வானத்தின் ஃபூரியர் கூறு ஒன்றை மட்டும் அளக்கிறது. பூமி சுழலச் சுழல அந்த இணைகளின் கோணம் மாறி, கூறுகள் பெருகிச் சேர்கின்றன. எல்லாவற்றையும் திருப்பிக் கூட்டும்போதுதான் விண்மீன் மண்டலம் படமாகிறது. ‘ஃபூரியர் எனக்கு வராது’ என்பவருக்கு ரேடியோ வானியல் வராது.

மூன்றாவது, ஆய்வகமும் கணினியும். கடைசி ஆண்டில் புராஜெக்ட் உண்டா, அல்லது கடையில் பைண்டிங் செய்து வாங்கிச் சமர்ப்பிக்கும் சடங்கா? பைத்தான் கற்றுத்தருகிறார்களா? ஆசிரியர்களில் யாராவது ஆண்டுக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையாவது வெளியிடுகிறார்களா? அது வானியலில் இருக்க வேண்டியதில்லை. படிக வளர்ப்பில் ஆய்வு செய்கிற ஒருவர், ஆர்வமுள்ள மாணவருக்கு நல்ல சிபாரிசுக் கடிதம் எழுதித் தருவார். எதையும் செய்யாதவர் எழுதும் கடிதத்துக்கு எடை இல்லை.

இவற்றையெல்லாம் கல்லூரி அலுவலகம் சொல்லாது. சீனியர்கள் சொல்வார்கள். “அண்ணா, உங்க செட்ல எத்தனை பேர் ஜாம் எழுதினாங்க? யாராவது ஐ.ஐ.டி., ஐசர் பக்கம் போயிருக்காங்களா? அக்காமார்ல யாராவது பிஎச்.டி. பண்றாங்களா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மூன்று பேர் பெயர் சொல்லி, போன் நம்பரும் தந்தால் அந்தத் துறையை நம்பலாம். ‘நம்ம காலேஜ்ல பிளேஸ்மென்ட் சூப்பர்’ என்று பேச்சு திரும்பினால் அது வேறு கணக்கு.

முதுகலையில் பெயர் பார்க்கலாமா?

இங்கே பார்க்கலாம், எச்சரிக்கையோடு. ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் வானியல் துறை நெடுங்காலமாக இருக்கிறது, எம்.எஸ்சி. தருகிறது. ஐ.ஐ.டி. இந்தூரில் ஜாம் இயற்பியல் மதிப்பெண் அடிப்படையில் எம்.எஸ்சி. வானியல். ஐ.ஐ.எஸ்.டி.யிலும் முதுகலை உண்டு. இன்னொரு பக்கம் சென்னை, கான்பூர், மும்பை ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. இயற்பியலே படித்து, விருப்பப் பாடமாக வானியற்பியலை எடுத்துக்கொள்வது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், புனே தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் போன்றவற்றில் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கே முதுகலையும் முனைவரும் சேர்ந்த ஒருங்கிணைந்த படிப்பும் உண்டு. கிடைத்தால் இதைவிட நல்லது இல்லை. நுழைந்த நாளிலிருந்து உதவித்தொகை வரும்.

எதைத் தேர்வது? ஆய்வைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று உறுதியாக இருப்பவருக்கு வானியல் முதுகலை இரண்டு ஆண்டு முன்னோட்டத்தைத் தரும். உறுதி இல்லாதவர் எம்.எஸ்சி. இயற்பியல் என்ற பெயரையே பிடித்துக்கொள்வது நல்லது. காரணம் நம் ஊர் நடைமுறை. தமிழ்நாட்டில் முதுகலை ஆசிரியர் பணிக்கோ கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கோ விண்ணப்பிக்கும்போது, அறிவிப்பில் ‘இயற்பியல்’ என்றிருக்கும். உங்கள் பட்டத்தில் ‘வானியல்’ என்றிருந்தால், அது இயற்பியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அந்தக் கேள்வியைச் சந்திப்பதைவிட, சேரும்முன்பே விசாரித்துவிடுவது மேல்.

ஜோதிர் விஞ்ஞானம் என்ற பெயரில் சோதிடத்தைப் பட்டப்படிப்பாக நடத்தும் இடங்களும் நாட்டில் இருக்கின்றன. விண்ணப்பப் படிவத்தில் வேகமாக டிக் அடிக்கும் அப்பாக்களுக்காக இந்த வரி.

இன்ஜினியரிங் எடுத்துவிட்டேன், அவ்வளவுதானா?

இல்லை. தொலைநோக்கி என்பது கண்ணாடியும் இரும்பும் மட்டுமல்ல; உணர்கருவி, மின்னணு, குளிர்விப்பு, கட்டுப்பாட்டு மென்பொருள், குவியும் தரவு எல்லாம் சேர்ந்தது. பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம், கல்கத்தா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வானியல் கருவியியலில் எம்.டெக்.-பிஎச்.டி. நடத்துகிறது. ஐயூக்காவும் ரேடியோ வானியற்பியல் மையமும் சேர்ந்து நடத்தும் நுழைவுத் தேர்வைப் பி.இ. படித்தவர்களும் எழுதலாம். எழுத வேண்டியது இயற்பியல்தான் என்பதால், இன்ஜினியரிங் கடைசி இரண்டு ஆண்டுகளில் மாலை நேரங்களை அதற்கு ஒதுக்கியாக வேண்டும்.

இஸ்ரோ பற்றி இங்கேயே பேசிவிடலாம், ஏனென்றால் பெற்றோரின் முதல் கேள்வி அதுதான். ‘வானியல் படிச்சா இஸ்ரோல வேலைதானே?’ பெரும்பாலும் இல்லை. இஸ்ரோ எடுக்கும் ஆட்களில் பெரும் பங்கு மின்னணு, இயந்திர, கணினிப் பொறியாளர்கள். 2023 செப்டம்பர் 2இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 இதற்கு நல்ல உதாரணம். திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியலும் தொலைத்தொடர்பும் படித்தவர். அதே விண்கலத்தில் சூரியனின் கரோனாவைப் பார்க்கும் முதன்மைக் கருவியை உருவாக்கியது இந்திய வானியற்பியல் நிறுவனம். விண்கலம் கட்டிச் செலுத்துவது ஒரு தொழில், அது அனுப்பும் தரவிலிருந்து சூரியனைப் புரிந்துகொள்வது இன்னொரு தொழில். உங்கள் பிள்ளைக்கு எது பிடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ராக்கெட் என்று வந்தால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு வேறு அத்தியாயத்துக்குப் போகலாம்.

பிடிக்குமா என்று பார்க்க ஒரு சோதனை

வானியலாளர் இரவெல்லாம் குழாயில் கண் வைத்து உட்கார்ந்திருப்பார் என்ற படம் இன்னும் பலர் மனதில் இருக்கிறது. லடாக்கில் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இமாலயச் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூர் அருகே ஹொசகோட்டையிலிருந்து கணினி வழியாகவே இயக்குகிறார்கள். ஜவ்வாது மலையில் காவலூரிலும் ஆய்வாளர் உட்காருவது கட்டுப்பாட்டு அறையில், திரைக்கு முன்னால். மேகம் மூடினால் அந்த இரவு போயிற்று. ஓர் இரவின் தரவோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதுதான் உண்மையான வேலை.

அந்த வேலையைப் பிளஸ் டூ விடுமுறையிலேயே செய்து பார்க்கலாம். ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வே தன் விண்மீன் மண்டலங்களின் நிறமாலைகளை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்றை இறக்கி வரைபடமாக்குங்கள். எச்-ஆல்பா என்ற ஹைட்ரஜன் கோடு ஆய்வகத்தில் சுமார் 6,563 ஆங்ஸ்ட்ராமில் வரும். உங்கள் மண்டலத்தில் அது 6,760இல் வந்தால், நகர்வு 197. அதை 6,563ஆல் வகுத்தால் 0.03. ஒளியின் வேகத்தால் பெருக்கினால், நொடிக்குச் சுமார் 9,000 கி.மீ. வேகத்தில் அது விலகிச் செல்கிறது. ஹபிள் மாறிலியை 70 என்று வைத்துக்கொண்டால் தொலைவு ஏறத்தாழ 42 கோடி ஒளியாண்டு. கணக்கு இவ்வளவு எளிது. ஆனால் திரையில் எச்-ஆல்பா தனியாக நிற்காது. இருபுறமும் நைட்ரஜன் கோடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், சத்தம் வேறு கலந்திருக்கும். எது எந்தக் கோடு என்று ஒரு மணி நேரம் குழம்பி, ஒருவழியாகத் தெளிந்ததும் அடுத்த மண்டலத்தை இறக்கத் தோன்றுகிறதா? சேருங்கள். தலைவலிதான் மிச்சம் என்றால், தொலைநோக்கி வாங்கி மொட்டைமாடியில் சனிக்கோளின் வளையத்தை வாழ்நாளெல்லாம் ரசிக்கலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை.

சேர்ந்த பிறகு

கல்லூரியில் வானியல் இல்லாத குறையை விடுமுறைகள் தீர்க்கும். ஐயூக்காவின் கோடைப் பள்ளி, ரேடியோ வானியற்பியல் மையம் பங்கேற்கும் குளிர்காலப் பள்ளி, இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கோடைப் பயிற்சி, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடை ஆய்வு உதவித்தொகை, ஹோமி பாபா மையத்தின் நியஸ் திட்டம் என்று வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்தே விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தோடு கேட்கப்படும் அரைப்பக்கக் கட்டுரையில் ‘சிறுவயது முதலே நட்சத்திரங்கள் என்னைக் கவர்ந்தன’ என்று தொடங்காதீர்கள். வருகிற விண்ணப்பங்களில் பாதி அப்படித்தான் தொடங்கும். மேலே சொன்ன நிறமாலைக் கணக்கைச் செய்து பார்த்தேன், இந்த இடத்தில் சிக்கியது என்று எழுதுங்கள்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை; வகுப்பெடுக்கும் வேலையோ ஆய்வு வேலையோ தந்து சம்பளமும் தருவார்கள். பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளங்கலையை எதிர்பார்ப்பதால், மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவர் இங்கே எம்.எஸ்சி.யையும் முடித்துவிட்டுப் போவது சிக்கலைக் குறைக்கும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை; பான்-கொலோன் வானியற்பியல் முதுகலை நம் மாணவர்களிடம் பெயர் பெற்றது. ஹைடல்பெர்க் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. கடன் வாங்கிப் பிரிட்டனில் ஓராண்டு முதுகலை படிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பணமும் காலமும். எம்.எஸ்சி. முடிக்க 22 வயது, முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு, பிறகு போஸ்ட்-டாக் என்று ஊர் ஊராக மூன்று முதல் ஆறு ஆண்டு. நிரந்தர வேலை வரும்போது முப்பதைத் தாண்டிவிடும். பாட்டி கல்யாணப் பேச்சை எடுத்தால் பதில் தயாராக இருக்கட்டும். முனைவர் படிப்பில் மாத உதவித்தொகை, 2023 ஜனவரி முதல், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 37,000 ரூபாய், அதன்பின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஒரு ஆளுக்குப் போதும், வீட்டுக் கடனை அடைக்கப் போதாது. குடும்பச் சுமை உள்ளவர்கள் இதை முதல் ஆண்டிலேயே வீட்டில் பேசிவிட வேண்டும். நடுவில் விலகுகிறவர்களும் வெறுங்கையோடு போவதில்லை. தரவைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு மென்பொருள் நிறுவனங்களிலும் வங்கிகளிலும் இடம் இருக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறைத் தொல்லை. ஊர்க் கல்லூரி அட்மிஷன் முன்னதாகவே முடிந்துவிடும். ஐசர், நைசர் கவுன்சலிங் அதற்குப் பிறகும் நீளும். எனவே இங்கே ஒரு சீட்டைப் போட்டு வைத்துவிட்டு அங்கே காத்திருப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் தவறில்லை. ஆனால் பணம் கட்டும்போதே, விலகினால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள். அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகல் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். பத்து செட் அட்டெஸ்டெட் ஜெராக்ஸும் பையில் இருக்கட்டும்.